சொத்தை விற்றுக் கட்டிய அணை: பென்னிகுயிக் கதையும் தமிழக நீர்மரபும்

கம்பம் பள்ளத்தாக்கில் வயதானவர் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார். பாதி எழும்பிய அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இனிப் பணம் கிடையாது என்று சர்க்கார் கைவிரித்தது. தொரை சீமைக்குப் போய்த் தன் சொத்தையெல்லாம் விற்றுப் பணத்தோடு திரும்பி வந்து அணையைக் கட்டி முடித்தார். மனைவியின் நகைகளையும் விற்றார் என்று சேர்த்துச் சொல்வோர் உண்டு. முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கைப் பற்றிய இந்தக் கதையை வரலாறாகவே ஏற்போர் ஒரு பக்கம், கட்டுக்கதை என்று தள்ளுவோர் மறுபக்கம் நின்று வாதிடுகின்றனர். இரு தரப்பும் கதையின் உட்பொருளைத் தவறவிடுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஆவணங்கள் சொல்வதைப் பார்க்கலாம். 1876–78 பஞ்சத்திற்குப் பின் சென்னை அரசு இத்திட்டத்தைத் தீவிரமாகக் கையில் எடுத்தது. திருத்திய திட்டத்தை வகுக்கும் பொறுப்பு 1882இல் பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1887இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார். ஆற்றை மறித்துப் போட்ட தற்காலிகத் தடுப்பணைகள் வெள்ளத்தில் உடைந்தது உண்மை. ஆனால் இது அரசு பணம் ஒதுக்கி, அரசு கணக்கு வைத்து நடத்திய வேலை. இதில் பங்கேற்ற பொறியாளர் மெக்கன்சி எழுதிய விரிவான திட்ட வரலாறு 1899இலேயே அச்சாகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும், சொத்து விற்ற செய்தியை உறுதிசெய்யும் ஆவணம் எதையும் எவரும் முன்வைக்கவில்லை. எனவே அதை நடந்த நிகழ்ச்சியாக எழுதுவது முறையன்று.

அப்படியானால் மக்கள் ஏன் இந்தக் கதையைத் தேர்ந்தார்கள்? விடையைத் தேடக் கொங்கு நாட்டுக்குப் போக வேண்டும். பவானியிலிருந்து கொடுமுடிப் பக்கம்வரை நெளிந்தோடும் காலிங்கராயன் வாய்க்கால் 1283இல் முடிந்ததாக மரபு. பாம்பு ஊர்ந்த தடத்தில் வாய்க்கால் வெட்டப்பட்டது என்ற கதையைப் பலரும் அறிவர். அதைவிட முக்கியமானது அதன் அடுத்த பகுதி. தன் நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் வாய்க்கால் வெட்டினான் என்று ஊர் பேசியதாம். தானும் தன் வம்சமும் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று சபதம் செய்த காலிங்கராயன், பாசனப் பரப்பைவிட்டே நீங்கி ஊத்துக்குளியில் குடியேறினானாம்.

இரு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒரே அமைப்பு தெரிகிறது. நீர் தந்தவன் அதனால் ஆதாயம் அடையக் கூடாது, இழந்திருக்க வேண்டும். கண்மாய்க் கரை நிற்க உயிர்ப்பலி கேட்டதாகச் சொல்லும் கதைகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அங்கே உயிர் போகிறது. காலிங்கராயன் கதையில் நிலமும் ஊரும் போகின்றன. பென்னிகுயிக் கதையில் சொத்து போகிறது. காலனி அரசோ பாசனத்தை வரி வருவாயோடு சேர்த்தே கணக்கிட்டது. ஆகவே தண்ணீருக்கு நன்றி சொல்ல விரும்பிய குடியானவர்கள், தீர்வை வாங்கிய சர்க்காரிடமிருந்து தொரையைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது என்று நான் கருதுகிறேன். சர்க்கார் கைவிரித்தது என்ற வரி கதையில் வேலை செய்வது இங்கேதான். ஆட்சியை மன்னிக்காமலே ஆளை மட்டும் தம்மவராக்கிக்கொள்ள அது வழிவிட்டது.

தம்மவராக்கிக்கொண்டதற்கு வழக்கங்களே சாட்சி. அவர் பிறந்த நாளான ஜனவரி 15 பொங்கலையொட்டி வருகிறது. அன்று தேனி மாவட்டம் பாலார்பட்டியில் அவர் படத்தை ஊர்வலமாகக் கொண்டுவந்து, பானை வைத்துப் பொங்கலிடுகிறார்கள். வீட்டுக் கூடத்தில் சாமி படங்களோடு அவர் படமும் மாட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். நீர்மட்டம் போதுமானதாக இருக்கும் ஆண்டுகளில் ஜூன் முதல் தேதி, 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் முதல் போகத்துக்காகத் தேக்கடித் தலைமதகு திறக்கப்படுகிறது. பாய்ந்து வரும் தண்ணீரில் அப்போது பூத்தூவி வணங்குவது மரபு. அரசு இதையெல்லாம் பின்தொடர்ந்தது என்றே சொல்ல வேண்டும்: லோயர் கேம்ப் மணிமண்டபம் திறக்கப்பட்டது 2013 ஜனவரி 15 அன்றுதான்.

ஆனால் ஒருவரை உயர்த்தும் கதை மற்றவர்களை மறைத்தும்விடுகிறது. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் ஒரு தமிழருடையது. இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்பப் பிள்ளை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்களை அனுப்பி இடம் பார்த்துவரச் செய்தார். 1850இல் தொடங்கிய சிறு முயற்சி, கூலியாட்கள் காய்ச்சலில் விழுந்ததால் நின்றுபோனது. பிறகு வந்த பெரிய வேலையிலும் மலைக்காய்ச்சல் விடவில்லை. சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்தவர்கள், கல் சுமந்தவர்கள், தடுப்பணை போட்ட மதராஸ் பயனியர் படையினர் எனப் பலர் அந்தக் காட்டில் உழைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் நோயில் மாண்டார்கள். உண்மையாகவே உயிரை இழந்தவர்கள் இருக்க, சான்றில்லாத சொத்திழப்பு மட்டும் நினைவில் நிற்பது எனக்கு ஆறாத வருத்தம். பென்னிகுயிக்கின் விடாமுயற்சிக்கு அந்தக் கதையின் துணை தேவையே இல்லை. வடக்கும் மேற்கும் ஓடும் ஆற்றை மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பியதே போதும்.

2011இல் கேரளத்துடனான அணைப் பிரச்சினை கொதித்தபோது இந்தக் கதை போராட்ட மேடைகளிலும் ஒலித்தது. மேடைக்குப் போன கதை ஒரே வடிவமாக இறுகிவிடும்; ஊருக்கு ஊர் மாறிவந்த சொல்முறைகள் உதிர்ந்துபோகும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பகுதிப் பெரியவர்களிடம் அவற்றைப் பதிவு செய்யும் வேலையை மதுரை, தேனி மாவட்டக் கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகள் இப்போதே தொடங்க வேண்டும். மணிமண்டபத்திலும் பாடநூல்களிலும் சொத்து விற்ற செய்தியை மக்கள் வழக்கு என்றே குறிப்பிட்டு, அதன் பக்கத்தில் முத்திருளப்பப் பிள்ளையின் பெயரையும் அணை வேலையில் மாண்ட தொழிலாளர்களைப் பற்றிய குறிப்பையும் அரசு சேர்க்க வேண்டும்.