விரல் நுனியின் சாட்சியம்

கம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். ஏலத்தோட்ட வேலைக்குக் குமுளி மலையேறும் அக்கா ஒருவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு, நினைத்தாற்போல் அழுகை. ரத்தம் எடுத்த பையனிடம் கேட்டார்: "தம்பி, மனசுல கெடக்குறதும் இதுல தெரியுமா?" அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரை நூற்றாண்டாக விஞ்ஞானிகள் கேட்டுவரும் கேள்வி அது.

1981இல் பெர்னார்ட் கரோலும் அவருடைய சக ஆய்வாளர்களும் கடும் மனச்சோர்வைக் கண்டறிய ஒரு சோதனையை முன்வைத்தார்கள். இரவில் டெக்சாமெத்தசோன் மாத்திரை. மறுநாள் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைகிறதா என்று பார்ப்பது. குறையாவிட்டால் நோயின் அறிகுறி. ஆனால் உடல் மெலிந்தவர்களுக்கும், குடியை நிறுத்தியவர்களுக்கும், வேறு நோய் உள்ளவர்களுக்கும் அதே முடிவு வந்தது. நம்பிக்கை தளர்ந்தது. 2021இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் நிக்குலெஸ்குவின் குழு, மனநிலைக் கோளாறுகளுக்கு ரத்த ஆர்என்ஏ குறிகளை வெளியிட்டது. தேடல் தொடர்கிறது. எனினும் மனச்சோர்வையோ பேரதிர்ச்சியின் பாதிப்பையோ ரத்தத்தை மட்டும் வைத்து உறுதிசெய்யும் நடைமுறை இன்னும் வரவில்லை. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவை சோர்வாக வேடமிட்டு வரும். அவற்றை ரத்தம் காட்டிக்கொடுக்கும். அந்த உதவி சிறியதல்ல.

யாருடைய உடலை அளவுகோலாக வைக்கிறோம் என்பதும் கேள்வி. பிள்ளை பெறும் வயதுப் பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1977இல் அறிவுறுத்தியது, 1993இல்தான் மாற்றிக்கொண்டது. கார்ட்டிசால் காலையில் ஏறி நள்ளிரவில் இறங்கும். கர்ப்பத்திலும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அதன் அளவு கூடுதலாகத் தெரியும். மூன்று மணிக்கு எழுந்து சோறாக்கி, இருட்டோடு ஜீப் ஏறும் பெண்ணின் காலை, ஆய்வகத்தின் காலைதானா?

வாய்ச்சொல்லை நம்பாமல் உடலை விசாரிப்பது எங்கள் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிறமலைக் கள்ளர்கள் பதிவு செய்யப்பட்டார்கள். ஊர் மக்களின் வாயில் அது ரேகைச் சட்டம். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். மையில் அழுத்திய விரல், ஒருவர் எதுவும் செய்யும் முன்பே அவரைக் குற்றவாளி ஆக்கியது. தேனிக்குக் கிழக்கே, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. இறந்த 16 பேரில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் இன்றும் சொல்கிறது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது.

ஆண்கள் இரவில் காவலின்கீழ் படுத்திருக்க, வீட்டில் பிள்ளைகளோடு தனித்திருந்த பெண்களின் இரவுகளை எந்தப் பதிவேடும் எழுதவில்லை. அந்தப் பயத்தைப் பேரதிர்ச்சி என்று சொல்ல அன்று யாரும் இல்லை. 1974இல்தான் பாஸ்டனில் ஆன் பர்ஜஸும் லிண்டா ஹோம்ஸ்ட்ரோமும், மருத்துவமனைக்கு வந்த பெண்கள் சொன்னதைக் கேட்டு, வன்புணர்வுக்குப் பின் வரும் பாதிப்புக்குப் பெயர் வைத்தார்கள். அந்த அறிவு சொல்லைக் கேட்டதால் வந்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தம், வியட்நாம் போருக்குச் சென்று திரும்பியவர்களின் போராட்டத்துக்குப் பிறகு, 1980இல் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் இடம்பிடித்தது.

அதிர்ச்சி அடுத்த தலைமுறைக்கும் போகுமா? ரேச்சல் யெஹுதாவின் குழு, நாஜி இனப்படுகொலையில் தப்பிய 32 பேரின் ரத்தத்தையும் அவர்களுடைய பிள்ளைகள் 22 பேரின் ரத்தத்தையும் ஆராய்ந்து, மனஅழுத்தத்தோடு தொடர்புடைய மரபணு ஒன்றில் இரு தலைமுறையிலும் வேதிமாற்றங்களைக் கண்டது. எண்ணிக்கை சிறியது, விமர்சனங்களும் உண்டு. எனினும் மாயக்காளின் ஊர்க்காரர்களுக்கு அது ஆறுதலாகலாம்: பட்டது பொய்யில்லை என்று. அதே முடிவு வேறு கையில் கிடைத்தால்? 'பரம்பரைக் குற்றவாளி' என்றவர்கள் நாளை 'பரம்பரை நோயாளி' என்பார்கள். வேலை தருபவரும், பெண் பார்க்க வருபவரும், குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் நீதிமன்றமும் அந்தச் சீட்டைக் கேட்டால், அது இன்னொரு ரேகைதான்.

இந்த ஆய்வுகள் வேண்டும் என்றே நினைக்கிறேன். எந்த மருந்து யாருக்கு உதவும் என்று சொல்லும் சோதனை வந்தால் எத்தனையோ பெண்கள் பிழைப்பார்கள். ஆனால் முடிவு அவளுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். 'ஒன்றுமில்லை' என்று தாள் சொன்னாலும் அவள் சொன்னது நிற்க வேண்டும்.

மதியம் அந்த அக்காவின் முடிவு வந்தது. தைராய்டு சரி, ஹீமோகுளோபின் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். ஏன் தூங்கவில்லை என்று அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை. நான் கேட்டேன். கூடலூர் பஸ் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.