டிஃபென்சிவ் எண்ட்: கல்லூரி வீரரை எடைபோடும் முறை

அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் வீரருக்கு டிஃபென்சிவ் எண்ட் என்று பெயர். (இது உலகக் கோப்பைக் கால்பந்து அன்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் ஆட்டம்.) எதிரணியின் பந்தெறியும் வீரரான குவார்ட்டர்பேக்கை, அவர் எறிவதற்குள் எட்டிப் பிடித்து வீழ்த்துவது இவரது முதல் வேலை. பந்துடன் ஓடுபவர் ஓரமாக நழுவிவிடாமல் மறிப்பது அடுத்த வேலை. கல்லூரி அணிகளில் இந்த இடத்தில் ஆடுவோரில் யார் என்.எஃப்.எல். எனப்படும் தொழில்முறைப் போட்டியில் நிலைப்பார் என்று கணிக்க, அதன் 32 அணிகளும் ஸ்கவுட்டுகள் எனப்படும் வீரர் மதிப்பீட்டாளர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கின்றன. ஏப்ரல் கடைசியில் 7 சுற்றுகளாக நடக்கும் டிராஃப்ட் என்னும் வீரர் தேர்வில் அவர்கள் கணிப்பு சந்தைக்கு வருகிறது. உயர்நிலைப் பள்ளியை முடித்து 3 ஆண்டுகள் ஆகாதவரை அதில் எடுக்க முடியாது.

சாக் கணக்கு

குவார்ட்டர்பேக்கைப் பந்தெறியும் முன் வீழ்த்துவது சாக். என்.எஃப்.எல். இதை 1982 முதலும், கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. தனிநபர் கணக்காக 2000 முதலும் அதிகாரபூர்வமாகப் பதிகின்றன. ரசிகர்கள் முதலில் பார்ப்பதும் ஸ்கவுட்டுகள் முதலில் சந்தேகிப்பதும் இந்த எண்ணைத்தான். எதிரே நின்ற டேக்கிள், அதாவது குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசையின் ஓர வீரர், சோப்ளாங்கியாக இருந்திருக்கலாம். பந்தை எறிய ஆள் கிடைக்காமல் குவார்ட்டர்பேக் தடுமாறி நின்றிருக்கலாம். பக்கத்துத் தோழர் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு போனதால் வழி திறந்திருக்கலாம். மூன்றும் ஏட்டில் ஒரே மாதிரிதான் ஏறும். மாறாக, எதிராளியைச் சுத்தமாகக் கடந்து இரண்டு எட்டில் நெருங்கும்போது பந்து கையை விட்டுப் போய்விட்டால், அந்த நல்ல ஆட்டம் சாக் கணக்கில் சேராது. ஆகவே ஒளிப்பதிவை ஒவ்வோர் ஆட்டமாக ஓட்டிப் பார்த்து, யாரை வென்றார், எப்படி வென்றார் என்று குறித்துக்கொள்வதே இந்தத் தொழிலின் அடிப்படை.

ஒளிப்பதிவில் முதலில் தெரிவது, பந்து அசைந்ததும் எடுக்கும் முதல் அடி. கண்ணிமைக்கும் நேரம் பிந்தினாலும் டேக்கிள் தன் இடத்தில் நிலைகொண்டுவிடுவார். அடுத்தது வளைவு: டேக்கிளின் வெளிப்புறமாகச் சுற்றி வரும்போது தோளைத் தரைப்பக்கம் சாய்த்து, வேகம் குறையாமல் உள்ளே திரும்புவது. இதற்குக் கணுக்காலும் இடுப்பும் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். இந்த நெகிழ்வு பிறவியிலேயே வாய்ப்பது, பயிற்சியில் பெரிதாகக் கூடாது என்பது களத்தில் பரவலான நம்பிக்கை. கைவேலையைக் கற்றுக்கொடுக்கலாம். எதிராளியின் கையைத் தட்டிவிடுவது, மேலே கை வீசி நீந்துவதுபோல் கடப்பது, அடியில் கை கொடுத்துக் கிளப்புவது, நேரே மார்பில் முட்டித் தள்ளுவது எல்லாம் இதில் அடங்கும். முதல் உத்தி பலிக்காதபோது இரண்டாவது ஒன்று கைவசம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கல்லூரியில் உடல் வலுவாலேயே வென்று பழகியவர்கள் பலரிடம் அது இருப்பதில்லை. தொழில்முறை டேக்கிள்களும் அவர்களைப் போலவே பெரிய உடம்புக்காரர்கள்.

இண்டியானாபொலிஸ் சோதனை

தகுதியானோரை ஓரிடத்தில் கூட்டும் முகாம் 1982இல் டாம்பாவில் தொடங்கியது. மருத்துவப் பரிசோதனையை அணிகள் பொதுவில் செய்துகொள்வதே அதன் நோக்கம். 1987 முதல் இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் இன்றைய முகாமிலும் அணிகளுக்கு மிகவும் பயன்படுவது முழங்கால், தோள்பட்டை அறிக்கைகள்தான். தொலைக்காட்சிக்குத்தான் 40 கெஜ ஓட்டம். ஒரு டிஃபென்சிவ் எண்ட் களத்தில் 40 கெஜம் நேராக ஓடும் தருணம் அபூர்வம். முதல் 10 கெஜத்தை எத்தனை விநாடியில் கடந்தார், மூன்று கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடும் சோதனையில் என்ன செய்தார் என்பவை அவர் வேலைக்கு நெருக்கமானவை. 225 பவுண்டு எடையைப் படுத்தபடி தூக்கும் சோதனையில் ஒரு வேடிக்கை உண்டு. நீண்ட கைக்காரர் பாரத்தை அதிக தூரம் தள்ள வேண்டியிருப்பதால் எண்ணிக்கை குறையும். களத்தில் எதிராளியைத் தள்ளி நிறுத்த உதவுவதும் அதே நீளக் கைதான்.

இந்த எண்களை நம்பிக் கெட்டதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பெயர் மைக் மமூலா. பாஸ்டன் கல்லூரி வீரரான அவர் 1995 முகாமில் அசத்தினார். டிராஃப்டில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 12ஆம் இடத்திலிருந்து 7ஆம் இடத்துக்கு ஏறி அவரை எடுத்தது. 5 பருவங்களில் 31.5 சாக் என்பது மோசமான கணக்கல்ல. ஆனால் அந்த 12ஆம் இடத்தில் டாம்பா பே அணி எடுத்த வாரன் சாப் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்துப் புகழ் மன்றம் வரை போனார். நேர் எதிர்ப்பக்கம் டெரல் சக்ஸ். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக 2002இல் 24 சாக் எடுத்து என்.சி.ஏ.ஏ. சாதனை படைத்தவர். 40 கெஜத்துக்கு 4.8 விநாடிகளுக்கு மேல் எடுத்ததால் பலர் முகம் சுளித்தார்கள். பால்டிமோர் ரேவன்ஸ் 10ஆவதாக எடுத்தது. தொழில்முறை ஆட்டத்தில் அவர் மொத்தம் 139 சாக் எடுத்தார். வெர்னன் கோல்ஸ்டன் கதை இந்த இரண்டிலும் அடங்காது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2007இல் 14 சாக், முகாமில் வியக்கத்தக்க எண்கள் என்று கணக்கும் உடலும் ஒத்துப்போனவர் அவர். 2008இல் 6ஆவதாக எடுத்த நியூயார்க் ஜெட்ஸ் அவரைத் தரையில் கையூன்றி நிற்கும் எண்டாக வைக்காமல், பின்னால் நின்று ஆடும் லைன்பேக்கராக மாற்றியது. மூன்று பருவங்களில் அவர் எடுத்த சாக் பூஜ்யம். எடுக்கும் அணியின் ஆட்டமுறையையும் சேர்த்தே ஒருவரை எடைபோட வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று கிடையாது.

2022: இருவர்

2022 டிராஃப்டில் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் எய்டன் ஹட்சின்சன், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டிராவன் வாக்கர் இருவரில் யார் முதல் என்பதே விவாதம். 2021 பருவத்தில் ஹட்சின்சன் எடுத்தது 14 சாக். அதில் 3 ஒஹாயோ மாநில அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில். கைநீளம் 32 அங்குலத்தை ஒட்டியதுதான். வாக்கருக்கு 6 சாக். ஆனால் 272 பவுண்டு உடம்போடு 40 கெஜத்தை 4.51 விநாடியில் ஓடினார். கை 35½ அங்குலம். ஜார்ஜியாவின் தடுப்பணியில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். அவரை உட்புறத்திலும் நிறுத்தினார்கள், பின்வாங்கிக் காக்கவும் சொன்னார்கள். அவருடைய 6ஐ ஹட்சின்சனின் 14க்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது. ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் வாக்கரை முதலில் எடுத்தது. டெட்ராய்ட் லயன்ஸ் ஹட்சின்சனை அடுத்து எடுத்தது.

முதல் பருவத்தில் ஹட்சின்சன் 9.5 சாக்கும் 3 பந்துப் பறிப்பும் எடுத்தார், வாக்கர் 3.5. அடுத்த இரு பருவங்களில் வாக்கர் 10, 10.5 என்று உயர்ந்தார். ஹட்சின்சன் 2023இல் 11.5 எடுத்தார், 2024இல் 5 ஆட்டங்களில் 7.5 எடுத்த நிலையில் கால் முறிந்தது. இருவருமே வீண்போகவில்லை. ஜாக்சன்வில் உடலை வாங்கியது, டெட்ராய்ட் ஆட்டத்தை வாங்கியது. தேர்வு நாளன்று கையிலிருந்த சான்றுகளின்படி டெட்ராய்ட்டின் கணக்கே சரி.

சிறிய கல்லூரிகளிலிருந்து வருவோருக்கு எதிராளிகளின் தரம் என்ற கேள்வி கூடுதலாக எழுகிறது. ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜாரெட் ஆலன் அப்படித்தான் 2004இல் நான்காம் சுற்று வரை காத்திருந்தார். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அவரை 126ஆவதாக எடுத்தது. 136 சாக்கோடு ஆட்டத்தை முடித்த அவர் 2025இல் ஒஹாயோவின் கேன்டன் நகரிலுள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார்.