துயரத்தில் திறந்த கதவு



பாம்பனைத் தாண்டி இராமேசுவரம் நோக்கிப் போகிறவர்கள் வழியில் இரண்டு ஊர்களைக் கடக்கிறார்கள். முதலில் எங்கள் அக்காள்மடம், அடுத்து தங்கச்சிமடம். யார் அந்த அக்காள்? யார் அந்தத் தங்கை?

வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இது. சேதுபதி மன்னர் ஒருவருக்கு இரண்டு பெண்மக்கள். இருவரையும் மணந்தவர் இத்தீவை நிர்வகித்து வந்தார். இராமேசுவரம் செல்லும் பயணிகளிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது மன்னரின் ஆணை. மருமகனோ, பாதை அமைக்கும் செலவுக்காக அதை வசூலித்தார். மன்னர் அவருக்கு மரண தண்டனை விதித்தார். மக்கள் இருவரும் கணவனோடு உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்தத் தண்டனையையும் அந்த வழக்கத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் அதன்பின் நடந்ததைக் கவனியுங்கள். மக்களை இழந்த தகப்பன் அவர்கள் நினைவாக வழிப்போக்கர் தங்குவதற்கு இரண்டு மடங்களைக் கட்டினார். ஒரு வீட்டின் கண்ணீர், முன்பின் தெரியாதவர்களுக்கு நிழலாயிற்று. அந்த மடங்களின் பெயரே நம் ஊர்களின் பெயராக நிலைத்துவிட்டது.

அன்பார்ந்தவர்களே, இந்தப் பெயருக்குரிய சோதனை 1964ஆம் ஆண்டு வந்தது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடி கலகலப்பான துறைமுகமாக வளர்ந்திருந்தது. ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் அங்கிருந்து கப்பலேறி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தலைமன்னாருக்குப் போவார்கள். டிசம்பர் 22ஆம் நாள் இரவு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில், புயல் கரையேறியது. தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் கரை சேரவில்லை. ரயில் நிலையம், அஞ்சலகம், பள்ளிக்கூடம், நம் ஆலயம் எல்லாம் சிதைந்தன. கூரையில்லாத அந்த ஆலயத்தின் சுவர்களை இன்றும் அங்கே காண்கிறோம்.

பாம்பன் பாலத்தின் இரும்புத் தூலங்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போயின. தீவு துண்டிக்கப்பட்டது. உயிர் தப்பியவர்களுக்கு முதலில் கை கொடுக்க அருகில் இருந்தவர்கள், அதே புயலில் அடிபட்ட தீவு மக்கள்தான். இராமநாதசுவாமி கோவிலின் பிராகாரங்களிலும் மக்கள் அடைக்கலம் புகுந்தார்கள். பாலம் 46 நாட்களில் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடியோ மீண்டும் எழவில்லை. வாழத் தகுதியற்ற இடமென அரசு அறிவித்தது. அங்கிருந்த குடும்பங்கள் தீவின் பிற ஊர்களில் புதிதாகத் தொடங்கினார்கள்.

திருத்தூதர் பணிகள் நூலில் இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. பவுல் கைதியாக உரோமைக்குப் போகும்போது கப்பல் உடைகிறது. 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பிடித்தும் மால்தா தீவில் ஒதுங்குகிறார்கள். மழை, குளிர். அத்தீவு மக்கள் ‘நீங்கள் யார், எந்த நாடு, கைதியா காவலனா’ என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. முதலில் தீ மூட்டினார்கள். அவர்கள் அப்போது கிறிஸ்துவை அறியாதவர்கள். ஆனாலும் நனைந்து நடுங்கியவர்களுக்குக் கடவுளின் அன்பு அந்த நெருப்பில்தான் தெரிந்தது.

அப்படி நனைந்து வந்தவர்களை நம் கரையும் கண்டது. 1983இல் இலங்கையில் வன்முறை வெடித்தபின், மீண்டும் 1990இல் போர் மூண்டபோது, மன்னார்ப் பக்கத்திலிருந்து படகு படகாக மக்கள் வந்தார்கள். பலரை இருட்டில் மணல்தீடைகளில் இறக்கிவிட்டுப் படகுகள் திரும்பிவிட்டன. ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த அதே மண்டபம் முகாம், இப்போது அங்கிருந்து வந்தவர்களுக்கு வீடாயிற்று. போனவர்களின் பேரப்பிள்ளைகளும் திரும்பி வந்தவர்களில் இருந்தார்கள். 2022 மார்ச் மாதம், விலைவாசி தாங்காமல் கைக்குழந்தையோடு மீண்டும் சிலர் வந்து இறங்கினார்கள்.

இங்கேதான் நம் மனம் கொஞ்சம் தயங்குகிறது. ‘நம் பிள்ளைகளை அவர்கள் நாட்டுக் கடற்படை பிடித்துப் போகிறது, படகைப் பறிக்கிறது, அவர்களுக்கு நாம் ஏன் சோறு போட வேண்டும்?’ கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் பெண் இப்படிக் கேட்டால் அவள் வலியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கரையேறிய குழந்தை எந்தப் படகையும் பிடிக்கவில்லை. இன்னொன்றையும் நாம் நேர்மையோடு சொல்ல வேண்டும். நம் விசைப்படகுகளின் இழுவை மடியில் அக்கரைத் தமிழ் மீனவரின் வலை அறுகிறது. அந்த வீட்டு உலையும் அணைகிறது. காயம் இரண்டு கரையிலும் இருக்கிறது.

காயம்பட்டவன் இரண்டு வழிகளில் ஒன்றில் போகலாம். கதவைச் சாத்திக்கொள்ளலாம், அல்லது மடம் கட்டலாம். கடவுள் நமக்குத் தரும் ஆறுதல் நம்மோடு முடங்கிவிடக் கூடாது, துன்புறும் பிறரைத் தேற்றவே அது தரப்படுகிறது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். பட்டவனுக்குத்தான் பட்டவன் நோவு தெரியும். அந்த அறிவையே கடவுள் நம்மிடம் கேட்கிறார்.

விடுதியில் இடமில்லை என்று கேட்டவர்கள் மரியாவும் யோசேப்பும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடியவர்களும் அவர்களே. இந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடில் கட்டுமுன், முகாமில் இருக்கும் ஒரு குடும்பத்தையோ, கடலில் ஆளைப் பறிகொடுத்த ஒரு வீட்டையோ போய்ப் பாருங்கள். பேச வார்த்தை வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள். உங்கள் ஊரின் பெயரில் மடம் இருக்கிறது, வீட்டிலும் இருக்கட்டும்.

செபிப்போம். புயலை அடக்கிய ஆண்டவரே, நாங்கள் இழந்தவற்றை நீர் அறிவீர். அந்த இழப்பு எங்கள் நெஞ்சைக் கல்லாக்கிவிடாமல், எங்கள் கதவைத் திறக்கும் கையாகச் செய்தருளும். ஆமென்.