மேக்: ஒரு வார இறுதியில் பிறந்த கருவியின் வரலாறு

மென்பொருளைக் கட்டியெழுப்பும் வேலையைத் தானியக்கமாக்கிய கருவிகளில் முன்னோடி மேக். 1976 ஏப்ரலில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மர்ரே ஹில் என்ற ஊரில் இருந்த பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதினார். பெரிய திட்டமாகத்தான் அவர் முதலில் நினைத்திருந்தார். அதைச் சுருக்கிச் சுருக்கி, ஒரு வார இறுதிக்குள் எழுதி முடித்துவிட்டார்.

அன்றைய யுனிக்ஸ் பிடிபி-11 கணினிகளில் ஓடியது. சி மொழியில் எழுதிய நிரல் பல கோப்புகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே கம்பைல் செய்து, கிடைத்த ஆப்ஜெக்ட் கோப்புகளை இணைத்தால்தான் ஓடக்கூடிய நிரல் கிடைக்கும். எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்ய நேரம் பிடிக்கும் என்பதால், திருத்திய கோப்பை மட்டும் கம்பைல் செய்வது வழக்கம். எதைத் திருத்தினோம், அதனால் எவையெல்லாம் பழையதாகிப் போயின என்ற கணக்கு நிரலாளரின் நினைவில்தான் இருந்தது. அது தவறிய ஒரு நாளில், யாக் கருவியை உருவாக்கிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுது முழுவதையும் இழந்தார். பிழையை ஏற்கெனவே சரிசெய்திருந்தார். ஆனால் அந்தக் கோப்பை மறுபடி கம்பைல் செய்யவில்லை. சரியான நிரலில் இல்லாத பிழையைத் தேடிச் சலித்து, விதியை நொந்தபடி ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்தார். முந்தைய மாலைதான் ஃபெல்ட்மனும் அதே சிக்கலில் மாட்டியிருந்தார். இதிலிருந்துதான் மேக்குக்கான எண்ணம் பிறந்தது.

அதுவரை நிரலைக் கட்டியெழுப்பப் பயன்பட்டவை ஷெல் ஸ்கிரிப்ட்டுகள். அவை கட்டளைகளை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக ஓட்டும். ஃபெல்ட்மன் வரிசையை எழுதச் சொல்லவில்லை. எது எதைச் சார்ந்தது என்பதை எழுதச் சொன்னார். மேக்கின் மேன்மை முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

மெயின்.சி, அச்சு.சி என்று இரண்டு மூலக் கோப்புகள், இரண்டுக்கும் பொதுவாகப் பொது.எச் என்ற ஹெட்டர் கோப்பு என வைத்துக்கொள்ளலாம். சார்புகளைக் குறிக்கும் மேக்ஃபைல் என்ற கோப்பில், மெயின்.ஓ என்ற ஆப்ஜெக்ட் கோப்பின் பெயரை எழுதி, முக்காற்புள்ளி இட்டு, அதன் வலப்பக்கம் மெயின்.சி, பொது.எச் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அடுத்த வரியில், டேப் விட்டு, கம்பைல் செய்யும் கட்டளை வரும். அச்சு.ஓவுக்கும் இப்படியே. இறுதி நிரலுக்கு இந்த இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகளும் தேவை என்று இன்னொரு விதி, மற்றவற்றுக்கு முன்னால். பிறகு மேக் என்று தட்டினால் போதும்: ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய நேரத்தை அது ஒப்பிடும். அச்சு.சியைத் திருத்தியிருந்தால் அச்சு.ஓவையும் இறுதி நிரலையும் மட்டும் புதுப்பிக்கும். பொது.எச்சைத் தொட்டிருந்தால் எல்லாவற்றையும் புதுப்பிக்கும். எதுவுமே மாறவில்லை என்றால் அதைச் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

கட்டளைக்கு முன் டேப் வரவேண்டும் என்ற விதி, மேக்கைக் கற்கத் தொடங்கும் எவரையும் இன்றும் தடுக்கி விழவைக்கிறது. டேப்புக்குப் பதில் வெற்றிடங்கள் இருந்தால் 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று பிழை காட்டி நின்றுவிடும். திரையில் பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. மேக்ஃபைலைப் படிக்கும் பகுதிக்காக லெக்ஸ் கருவியை முதன்முதலாகக் கையாண்டு சிக்கிக்கொண்ட ஃபெல்ட்மன், எளிதான வழியாக டேப்பைப் பிடித்துக்கொண்டார். சில வாரங்களில் சுமார் ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொல்லை தரக் கூடாதென்று விதியை மாற்றாமல் விட்டார். டேப்புக்குப் பதில் வேறொரு குறியைத் தேர்ந்தெடுக்கும் வசதி, பிற்காலத்தில் எழுதப்பட்ட குனு மேக் என்ற வடிவத்தில் வந்தது 2010-இல்தான்.

1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸுடன் மேக் பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மனும் ரோலண்ட் மெக்ராத்தும் எழுதிய குனு மேக், பல கோப்புகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யும் திறன் உள்ளிட்ட பல வசதிகளோடு பரவியது. 2003-ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது ஃபெல்ட்மனுக்குக் கிடைத்தது. நியாயமான அங்கீகாரம் அது.

குறைகளும் இருந்தன. வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் கணினிகளின் கடிகாரங்கள் முன்பின்னாக இருந்தால் மேக்கின் முடிவு தவறிவிடும். அடைவுக்கு ஒரு மேக்ஃபைல் வைத்து ஒன்றிலிருந்து ஒன்றை அழைக்கும் பழக்கம் சார்புகளின் முழுப் படத்தைத் துண்டாக்கிவிடுகிறது என்று பீட்டர் மில்லர் 1990-களின் பிற்பகுதியில் ஒரு கட்டுரையில் விளக்கினார். பெரிய திட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டுரை கண்ணைத் திறந்துவிட்டது.

ஜாவா வந்ததும் வேறு தேவைகள் எழுந்தன. டாம்கேட் என்ற ஜாவா சேவையக மென்பொருளை எந்த இயங்குதளத்திலும் கட்டியெழுப்ப ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் எழுதிய ஆன்ட், 2000-இல் தனிக் கருவியாக வெளிவந்தது. அது எக்ஸ்எம்எல்லில் எழுதப்படுவது. டேப் தொல்லையிலிருந்து விடுபடுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனால் ஒவ்வொரு திட்டத்திலும் ஒவ்வொரு படியையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. 2004-இல் முதல் பதிப்பு கண்ட மேவன், மூலநிரல் இன்ன அடைவில்தான் இருக்க வேண்டும் என்று மரபை வகுத்து அந்தச் சுமையைக் குறைத்தது. தேவையான நூலகங்களை மையக் களஞ்சியத்திலிருந்து தானே இறக்கியும் கொண்டது. பின்னர் வந்த கிரேடில், 2013-இல் அறிமுகமான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் கட்டமைப்புக் கருவியானது.

சி, சி++ உலகம் மேக்கை விட்டுவிடவில்லை. 2000-இல் வெளிவந்த சிமேக், மேக்ஃபைலைத் தானே உருவாக்கித் தந்தது. குரோம் உலாவியில் ஒரே ஒரு கோப்பை மாற்றினாலும் வேலை தொடங்கவே பத்து விநாடி ஆனதால், எவன் மார்ட்டின் நிஞ்சா என்ற கருவியை எழுதி அதை ஒரு விநாடிக்கும் கீழே கொண்டுவந்தார். கூகுள் 2015-இல் வெளியிட்ட பேசெல், கோப்பு மாறிய நேரத்தை நம்பாமல் உள்ளடக்கத்தையே ஒப்பிடுகிறது. லினக்ஸ் கெர்னல் இன்றும் குனு மேக்கால்தான் கட்டப்படுகிறது. கட்டளையில் மட்டும் மாற்றம் செய்தால் மேக் அதைக் கவனிக்காது என்பதால், ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்புக்கும் எந்தக் கட்டளை ஓடியது என்பதைக் கெர்னலின் மேக்ஃபைல்கள் தனிக் கோப்பில் குறித்து வைத்து, அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கின்றன.