ளஃபார் கரையின் கனித்தோட்டங்கள்

அரபியில் ‘கரீஃப்’ என்பது இலையுதிர் காலம். கனி கொய்தலைக் குறிக்கும் வினையோடு பிறந்த சொல். ஓமானின் தென்பகுதியான ளஃபாரிலோ, இன்றைய வழக்கில் தோஃபாரிலோ, அது சாரல் பருவத்தின் பெயர். கேரளக் கரைக்கு மழை கொணரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று, ஜூன் இறுதி முதல் செப்டம்பர் வரை, அங்கே குளிர்ந்த கடற்பரப்பைத் தழுவி மூடுபனியாக மலைமேல் படிகிறது. மர இலைகள் அப்பனியைத் துளித்துளியாய் வடித்து நிலத்துக்கு ஊட்டுகின்றன. அரபுப் பாலை 40 பாகைக்கு மேல் தகிக்கும் நாளிலும் ஸலாலாக் கரையில் வாழையும் தென்னையும் குளிர்ந்து நிற்கும்.

பிற்பாடு மதுரைக்கும் வந்த இப்னு பதூதா, 1330ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்நகரைக் கண்டார். தம் முன்னிலையில் நிறுத்த ஒரு வாழைப்பழம் 12 ‘ஊக்கிய்யா’ இருந்ததாம்! வெற்றிலையையும் தேங்காயையும் அவர் விரித்துரைப்பதைப் படிக்கும் தமிழருக்குப் புன்னகை அரும்பும். தன்ஜா நகரத்தவருக்கு அவை அதிசயமல்லவா?

ஆயினும் அவர் தோட்டத்தை மட்டும் பார்த்துத் திரும்பியவர் அல்லர். ஆழ்கிணற்றின் பெருவாளியில் பல கயிறுகள் பிணைத்து, அவற்றை அடிமைகளான ஆண், பெண்களின் இடுப்பில் கட்டி நீர் இறைத்தே தினைப்பயிர் வளர்த்தனர் என்கிறார். வெப்பத்தால் மக்கள் அடிக்கடி நீராடுவர். பள்ளிவாசல்தோறும் அதற்கான இடங்கள் பல இருந்தன. இத்தனை தூய்மைக்கிடையிலும் யானைக்கால் நோய் அங்கே மிகுந்திருந்ததை அவர் மறைக்கவில்லை. அந்நோயைப் பெரும்பாலும் பரப்புவது கொசு என்பதை அறிய உலகம் மேலும் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் கண்ட நகரம் ‘அல்பலீத்’ என்னும் இடிபாடாகக் கிடக்கிறது. 2000இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஸலாலாவின் சாலையோரக் கடைகளில் வாழைக்குலைகளும் இளநீரும் இன்றும் தொங்குகின்றன.