பாட்டு கட்ட ஒரு அகராதி

 

தைப்பூசம் நெருங்குது. நம்ம உறுமி மேளப் பசங்க புதுசா காவடிப் பாட்டு எழுதி வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க. சந்தோஷம். ஆனா நிறைய பாட்டுல வரி முடியுற இடம் மட்டும்தான் சேருது: வருவாயே, தருவாயே, அருள்வாயே. இதுக்குப் பேர் இயைபு. தப்பில்லை. ஆனா நம்ம பெரியவங்க முக்கியமா பார்த்தது வரியோட வாலை இல்லை, தலையை. முதல் எழுத்து ஒன்றி வந்தா மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தா எதுகை. தொல்காப்பியத்திலேயே இது இருக்கு.

எதுகைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மலைக்கு அலை, சிலை, கலை சேரும். மாலை சேராது, முதல் எழுத்து நீண்டு போச்சு. மாலைக்குச் சோலை, வேலை, காலைதான் சோடி.

சொல் கிடைக்கலைன்னா அந்தக் காலத்துல என்ன செஞ்சாங்க? நிகண்டை மனப்பாடம் பண்ணினாங்க. மண்டலபுருடர் எழுதிய சூடாமணி நிகண்டுல ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்ற 11ஆம் தொகுதியே எதுகை வரிசையிலதான் இருக்கு. திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைங்க இதை ஒப்பிச்சிருக்காங்க. பிறகு 1732ல வீரமாமுனிவர் சதுரகராதி செஞ்சார். பெயர், பொருள், தொகை, தொடை என நாலு பகுதி. கடைசிப் பகுதியான தொடையகராதி, எதுகைக்குச் சேரும் சொற்களைத் தேடி எடுக்கறதுக்குன்னே செஞ்சது. முழுசா அச்சில் வந்தது 1824ல. அவர் இத்தாலியப் பாதிரியார், கோயில் பக்கத்துல அவர் பேச்சு எதுக்குன்னு சிலர் கேட்கலாம். தமிழுக்குச் செஞ்ச வேலையைச் சொல்லத்தானே வேணும்.

நம்ம தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க கையில அந்த அகராதி ஏது? அவங்களுக்குக் காவடிச் சிந்துதான் அகராதி. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல பாடினது. 1865ல பிறந்து 1891லேயே போய்ச் சேர்ந்துட்டார். அந்தச் சின்ன வயசுக்குள்ள எதுகையும் மோனையும் காவடி ஆட்டத்துக்கு அடி எடுத்துக் கொடுக்கிற மாதிரி நெருக்கி நெருக்கி வச்சிருக்கார்.

எங்க தோட்டத்துப் பெரியவங்க அந்த மெட்டை வச்சுக்கிட்டு ஊர்ப் பேரை மாத்துவாங்க. கழுகுமலை இருந்த இடத்துல நம்ம ஈப்போ கல்லுமலை. மோனை கெடாது, இரண்டுமே 'க'. ஆனா எதுகை மாறிடும். அடுத்த வரிக்குச் சொல்லு, வில்லு, நெல்லுன்னு தேடணும். வெட்டுக்குப் போகும்போதே முணுமுணுத்துத் தேடுவாங்க. கிடைச்சதும் 555 நோட்டுல எழுதி வைப்பாங்க.

தோட்டங்களை வித்து சனங்க தாமான் தாமானா பிரிஞ்சப்போ அந்த நோட்டெல்லாம் பழைய பேப்பரோட போயிருச்சு. அச்சில் வராத பாட்டு, வேற எங்கேயும் கிடைக்காது. தாத்தா, அப்பா எழுதினது யார் வீட்டு அலமாரியிலாவது இருந்தா வெள்ளிக்கிழமை பூசைக்குக் கொண்டு வாங்க. படம் எடுத்துக்கிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துடுறோம். பாட்டு எழுதுற தம்பிங்களும் வந்து பாருங்கப்பா.