கண்ணோட்டம்

‘என் கண்ணோட்டத்தில்’ என்று தொடங்குபவர் பெரும்பாலும் எதிரில் இருப்பவரோடு மாறுபடப் போகிறார். இன்று இந்தச் சொல்லுக்குப் ‘பார்க்கும் கோணம்’ என்பதே பொருள். நூல் மதிப்புரைக்கு ‘ஒரு கண்ணோட்டம்’ என்று தலைப்பிட்டால் மேலோட்டமான பார்வை என்றும் ஆகிவிடும்.

திருக்குறளில் இது 58ஆம் அதிகாரத்தின் பெயர். அங்கே பொருள் இரக்கம். கண் + ஓட்டம்: கண் பிறர்மேல் ஓட, மனமும் அதன் பின்னே போவது. பழகியவரைக் கண்டால் அவர் சொல்லை மறுக்க இயலாமை என்கிறார் உரையாசிரியர் பரிமேலழகர். கண் சென்ற இடத்தில் நிகழ்வதால் இப்பெயர் என்பது அவர் தரும் காரணம். ஆக, முகம் பாராமல் இது பிறக்காது. அருள் முன்பின் அறியாத உயிர்மேலும் செல்லும். கண்ணோட்டத்துக்கு ஓர் ஆள் எதிரில் நிற்க வேண்டும். அது இல்லாதவருக்குக் கண்ணே இல்லை என்று அடித்துச் சொல்கிறார் வள்ளுவர்.

அன்புடைமையை இல்லறத்திலும் அருளுடைமையைத் துறவறத்திலும் வைத்தவர், இதைப் பொருட்பாலில், ஆள்பவனுக்குரிய குணமாக வைத்தார். அடுத்த அதிகாரம் ஒற்றாடல். அதன் முதல் குறள் ஒற்றனையும் நூலையும் மன்னனின் கண்கள் என்கிறது! வேவு பார்க்கும் கண்ணுக்கு முன்பே இரங்கும் கண்ணை வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பேச்சு வழக்கில் பழம்பொருளை இப்போது சுமப்பது வடசொல்லான தாட்சண்யம். ‘முகதாட்சண்யத்துக்காக ஒத்துக்கொண்டேன்’ என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். கொஞ்சம் சலிப்பும் சேர்ந்திருக்கிறது.